சாமம் இரண்டு மணிக்கு முழிப்பு வருவது வருத்தமா?

வாசகர் கடிதம்:

"எனக்கு 71 வயது. முல்லைத்தீவு மாவட்டம், ஒட்டுசுட்டான் பக்கம் இருக்கிறோம். கமம்தான் தொழில். இப்போது பாதி வயலை மருமகன் பார்க்கிறார். பிறசரும் சீனியும் இருக்கிறது, மாதா மாதம் கிளினிக்குக்குப் போகிறேன். தருகிற குளிசை எல்லாவற்றையும் இரவுச் சாப்பாட்டோடு போட்டுவிடுவேன். எட்டு மணிக்குப் படுத்தால் உடனே நித்திரை வந்துவிடும். ஆனால் இரண்டு மூன்று தரம் சலம் போக எழும்ப வேண்டும். இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் அதோடு சரி. ஐந்து மணி மட்டும் புரண்டுகொண்டு கிடப்பேன், விடியப்புறம் கொஞ்சம் கண் அயரும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஒன்றரை மணித்தியாலம் படுப்பேன். தை, மாசியில் யானைக் காவலுக்கும் போக வேண்டும். மனைவி நான் பெரிதாகக் குறட்டை விடுகிறேன், இடையில் மூச்சு நின்று நின்று வருகிறது என்கிறா. பக்கத்து வீட்டுக்காரர் நித்திரைக்கென்று தந்த சின்ன வெள்ளைக் குளிசையைக் கிழமைக்கு இரண்டு நாள் போடுகிறேன். அடுத்த நாள் தலை பாரமாக இருக்கிறது. கனடாவில் இருக்கும் மகள் மெலட்டோனின் என்று நித்திரைக்கு ஒரு குளிசை அனுப்பியிருக்கிறா, இன்னும் திறக்கவில்லை. மூத்த மகனை 2009 இல் தவறவிட்டோம், இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. முழித்துக் கிடக்கும்போது அந்த நினைவுதான். வைகாசி வந்தால் ஒரு கிழமைக்கு நித்திரையே இல்லை. எட்டு மணித்தியாலம் நித்திரை கொள்ளாவிட்டால் மறதி நோய் வரும் என்று வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து படுக்கவே பயமாக இருக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும் டொக்டர்?"

ஐயா,

அந்த வெள்ளைக் குளிசையை இன்றிரவு போடாதீர்கள். மற்றதெல்லாம் ஆறுதலாகப் பேசலாம், இது மட்டும் பொறுக்காது.

காரணம் உங்கள் மனைவி சொன்ன விஷயம். குறட்டை விடுகிறவர்கள் எல்லோரும் நோயாளிகள் இல்லை. ஆனால் குறட்டைக்கு நடுவில் மூச்சு நின்று, பிறகு ஒரு பெரிய இழுவையோடு திரும்ப வருகிறது என்றால் அது வேறு. நித்திரையில் தொண்டையின் தசைகள் தளர்ந்து மூச்சுக் குழல் அடைபடுகிறது. இரத்தத்தில் ஒட்சிசன் இறங்குகிறது. மூளை பதறி உங்களை அரைகுறையாக எழுப்பி மூச்சை மீட்கிறது. இது நடப்பது உங்களுக்குத் தெரியாது, காலையில் நினைவும் இருக்காது. பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தெரியும். இப்படிப்பட்டவர் நித்திரைக் குளிசை போட்டால் தசை இன்னும் தளரும், எழுப்ப வேண்டிய மூளை இன்னும் மந்தமாகும். சாராயமும் இதே வேலையைத்தான் செய்யும். பின்னேரம் கொஞ்சம் எடுத்தால் நல்ல நித்திரை வரும் என்பவர்கள் எங்கள் ஊர்களில் நிறையப் பேர். வருவது உண்மை. சாமத்துக்குப் பிறகு அந்த நித்திரை உடைந்துபோவதும் உண்மை.

பெயர் தெரியாத சின்ன வெள்ளைக் குளிசை என்றால் பெரும்பாலும் டயசபாம் அல்லது குளோனசபாம் என்ற நித்திரைக் குளிசை வகையாக இருக்கும். டயசபாம் வயதானவர் உடம்பிலிருந்து வெளியேற நாட்கணக்காகும். இரவு போட்டது அடுத்த நாள் மத்தியானமும் வேலை செய்கிறது. தலைப்பாரம் அதனால்தான். அந்தப் பாரத்தோடு வரம்பில் நடக்கிறீர்கள், கிணற்றடிக்குப் போகிறீர்கள். எழுபது வயதுக்கு மேல் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் அதிலிருந்து எழும்புவது எவ்வளவு பாடு என்று உங்கள் ஊரிலேயே பார்த்திருப்பீர்கள். வேறு சிலர் தடிமலுக்குக் கொடுக்கும் குளோர்ஃபெனிரமின் குளிசையை நித்திரைக்காகப் போடுகிறார்கள். வயதான ஆண்களுக்கு அது சலத்தை அடைக்கலாம், சிலருக்குத் தடுமாற்றமும் புத்தி மயக்கமும் வரலாம்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று: மாதக்கணக்கில் ஒவ்வொரு இரவும் டயசபாம், குளோனசபாம் போடுகிறவர்கள் நான் சொன்னேன் என்று ஒரே நாளில் நிறுத்தக்கூடாது. நடுக்கம், பதற்றம், சிலருக்கு வலிப்புக்கூட வரும். வைத்தியரிடம் சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். ஐயா, நீங்கள் கிழமைக்கு இரண்டு நாள்தான் போடுகிறீர்கள் என்பதால் நிறுத்தலாம். முதல் இரண்டு மூன்று இரவு கொஞ்சம் கஷ்டமாக இருந்தாலும் பயப்பட வேண்டாம். மிச்சமிருக்கும் குளிசையை எறியாமல் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

சலம் போக எழும்புவதைத் தனி விஷயமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது குறட்டையோடு ஒட்டிய விஷயமாகத் தெரிகிறது. மூச்சு அடைபட்டு அடைபட்டு வரும்போது இதயத்தின் மேல் அறைகள் இழுபட்டு, சலத்தைக் கூட்டும் ஒரு ஓமோனைச் சுரக்கின்றன. மூச்சுத் தடையைச் சரிசெய்தபின் இரவில் எழும்புவது குறைந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். குளிசை போட்டும் பிறசர் கட்டுப்படாமல் நிற்பதற்கும் இது ஒரு காரணம். நல்ல நித்திரையில் பிறசர் பகலைவிட 10 முதல் 20 வீதம் இறங்க வேண்டும். மூச்சுக்குப் போராடுகிற இரவில் அது இறங்காது. இதயத்துக்கும் இரத்தக் குழாய்களுக்கும் கிடைக்க வேண்டிய ஓய்வு கிடைக்காமல் போகிறது. முதுமையில் பக்கவாதம், மாரடைப்பு என்று நாம் பயப்படுகிறவற்றுக்கும் இரவு நித்திரைக்கும் உள்ள தொடர்பில் இது ஒரு முக்கியமான வழி.

அது தவிர வேறு காரணங்களும் இருக்கலாம். சீனி கூடினால் சலம் கூடும். உங்கள் வயதில் பல ஆண்களுக்குச் சலப்பைக்குக் கீழே உள்ள புரோஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கும். பிறசருக்குத் தரும் குளிசைகளில் ஒன்று சலத்தைப் போக்கும் குளிசையாக இருந்தால், அதை இரவுச் சாப்பாட்டோடு போட்டால் இரவில்தான் வேலை செய்யும். எல்லாக் குளிசையையும் ஒரே நேரத்தில் போடுவது நினைவு வைத்திருக்க வசதி என்பது சரி. ஆனால் எதை இரவில் போட வேண்டும், எதைக் காலைக்கு மாற்றலாம் என்று கிளினிக்கில் கேளுங்கள். நீங்களாக மாற்ற வேண்டாம். பின்னேரம் கால் வீங்குகிறதா என்றும் பாருங்கள். பகலில் காலில் இறங்கிய நீர் இரவு படுத்ததும் இரத்தத்துக்குத் திரும்பி சலமாகப் போகும். அப்படியானவர்கள் பின்னேரம் ஒரு மணித்தியாலம் காலைத் தூக்கி வைத்து இருந்தால், அந்த நீர் படுக்கும் முன்பே போய்விடும். வீக்கம் இருந்தால் அதையும் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். இரவில் எழும்ப வேண்டி வருகிறது என்று பகலில் தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள். இது வன்னி வெயில். வவுனியா மாவட்டத்தின் சில பகுதிகளிலும் அயலில் உள்ள வட மத்திய மாகாணத்திலும் காரணம் சரியாகப் பிடிபடாத சிறுநீரக நோய் கமக்காரர்களைத்தான் கூடுதலாகப் பிடிக்கிறது. வயலில் நிற்கிறவர் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும். குறைக்க வேண்டியது பொழுதுபட்ட பிறகு குடிப்பதை. இரவில் அடிக்கடி சலம் போவதே சிலருக்குச் சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியதன் ஆரம்ப அறிகுறியாகவும் இருக்கும். அதனால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை செய்து எவ்வளவு காலம் என்று கிளினிக் கொப்பியில் பாருங்கள்.

கழிப்பறை வளவுக்குள் தள்ளி இருந்தால் நடுச்சாமத்தில் இருட்டில் முற்றத்தைத் தாண்டிப் போகாதீர்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் மூடியுள்ள வாளி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. படுக்கும்போது நுளம்பு வலையைப் பாய்க்குக் கீழே செருகிவிட்டுப் படுங்கள். நுளம்புக்கு மட்டுமில்லை, தரையில் படுப்பவர்களை இரவில் கடிக்கும் கட்டுவிரியன் பாம்புக்கும் அது தடை.

இனி நேரக் கணக்கு. எட்டே காலுக்கு நித்திரையாகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மணிவரை ஐந்தே முக்கால் மணித்தியாலம். இடையில் எழும்பும் நேரத்தைக் கழித்தால் ஐந்தே கால். விடியப்புறம் அயர்வது முக்கால், மத்தியானம் ஒன்றரை. கூட்டினால் ஏழரை மணித்தியாலம் வருகிறது. நித்திரை போதவில்லை என்று பயப்படும் உங்களுக்கு ஒரு நாளைக்கு ஏழரை மணித்தியாலம் நித்திரை கிடைக்கிறது! அமெரிக்காவின் நஷனல் ஸ்லீப் ஃபவுண்டேஷன் 2015 இல் வெளியிட்ட பரிந்துரையில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சொல்லப்பட்டது 7 முதல் 8 மணித்தியாலம். சிலருக்கு 5 அல்லது 6 மணித்தியாலமும் பொருந்தலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. அந்த வீடியோவில் சொன்ன எட்டு என்ற எண்ணுக்குத் தனி மகிமை ஒன்றும் இல்லை.

பிரச்சினை அளவில் இல்லை, அது பரவிக் கிடக்கும் விதத்தில் இருக்கிறது. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: இரண்டு ஏக்கருக்குப் போதுமான வாய்க்கால் தண்ணீரை நான்கு ஏக்கருக்குத் திருப்பினால் எந்த வயலிலும் தண்ணீர் நிற்காது. ஏழரை மணித்தியால நித்திரையை இரவு எட்டிலிருந்து காலை ஐந்து வரையும், பிறகு மத்தியானத்திலும் பரப்பினால், எங்கேயும் ஆழம் இருக்காது. வயது போகப் போக ஆழ்ந்த நித்திரையின் பங்கு தானாகவே குறைகிறது. இளம் வயதில் பக்கத்தில் வெடி வெடித்தாலும் எழும்பாதவர் இப்போது நாய் குரைத்தாலே எழும்புவார். உடம்புக்குள் இருக்கும் கடிகாரமும் முன்னுக்கு நகர்கிறது. பொழுதுபட்டதும் கண் சொருகும், விடிவதற்கு வெகு முன்பே நித்திரை முடிந்துவிடும். எட்டு மணிக்குப் படுத்த மனிதருக்கு மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் அவர் ஏழு மணித்தியாலம் கிடந்துவிட்டார். அதை வருத்தம் என்று சொல்ல முடியாது.

ஆகவே, படுக்கும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளுங்கள். ஒரேயடியாக வேண்டாம். இந்தக் கிழமை எட்டரை, அடுத்த கிழமை ஒன்பது, அதற்கடுத்த கிழமை ஒன்பதரை. எழும்புவது எந்த நாளும் ஐந்து மணி. இரவு எப்படிப் போயிருந்தாலும், கோயில் திருவிழா என்றாலும் ஐந்து மணிக்குப் பாயைச் சுருட்டிவிடுங்கள். முதல் இரண்டு கிழமை பகலில் அசதியாக இருக்கும். அந்த நாட்களில் உழவு இயந்திரமோ மோட்டார் சைக்கிளோ ஓட்டாதீர்கள். அந்த அசதிதான் அடுத்த இரவின் நித்திரையை ஆழமாக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதரை வரை எப்படி முழித்திருப்பது என்று கேட்பீர்கள். பின்னேரம் நான்கரை, ஐந்து மணிக்கு வெளியில் இறங்குங்கள். குளக்கட்டுப் பக்கம் நடங்கள், மாடு பட்டிக்கு வரும்வரை வெளிச்சத்திலேயே நில்லுங்கள். கடிகாரம் முன்னுக்கு ஓடிய ஒருவருக்குப் பின்னேர வெளிச்சம் நல்ல மருந்து. அது நித்திரை வரும் நேரத்தைத் தள்ளிப்போடும். வயதாக ஆகக் கண்ணின் வில்லை மஞ்சளாகி, வெளிச்சம் உள்ளே போவது குறைகிறது. கண்ணில் வெண்புரை இருந்தால் இன்னும் குறையும். சத்திர சிகிச்சை செய்யச் சொல்லி நாள் தந்திருந்தால் ஒத்திப்போடாதீர்கள். இரவில் மகளும் பேரப்பிள்ளைகளும் கனடாவிலிருந்து எடுத்தால் ஒன்பது மணிக்கு எடுக்கச் சொல்லுங்கள். அங்கே அப்போது முற்பகல், பள்ளிக்கூடம் இல்லாத நாளில் பிள்ளைகளும் வீட்டில் இருப்பார்கள். இரவில் போன் பார்க்கக்கூடாது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உங்கள் விஷயத்தில் பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒன்பதரை வரை முழித்திருப்பதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. அந்த நேரத்தில் பயமுறுத்தும் வீடியோக்களைத் திறக்காமல் இருந்தால் போதும்.

மத்தியானப் படுக்கையை அடியோடு விடச் சொல்லமாட்டேன். பங்குனி சித்திரை வெயிலில் வயலிலிருந்து வந்தவர் கொஞ்சம் சாய்வது நியாயம். சாய்மனைக் கதிரையில், அரை மணித்தியாலத்துக்கு மேல் போகாமல், இரண்டு மணிக்கு முன்பே எழும்பிவிடுங்கள். வீட்டில் யாராவது எழுப்பட்டும்.

தேத்தண்ணி பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் வன்னியில் பின்னேரப் பிளேன்ரீ இல்லாத வீடு இருக்காது. மூன்று மணிக்குப் பிறகு வேண்டாம். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவராக இருந்தால் அதுவும் நித்திரையைக் கலைக்கும். புகையிலையை விடுவதற்கு நித்திரையைவிடப் பெரிய காரணங்களும் இருக்கின்றன, வாய்ப் புற்றுநோய் உட்பட.

யானைக் காவல் விஷயத்தில் எனக்கு ஒரு யோசனை. முதல் சாமக் காவலை மருமகனிடமும் இளம் ஆட்களிடமும் விடுங்கள். காவல் நாட்களில் மட்டும் நீங்கள் ஒன்பதுக்கே படுத்து, மூன்று மணிக்குப் பிறகு முறை மாற்றுங்கள். உங்கள் உடம்பு எப்படியும் அந்நேரம் முழித்திருக்கிறது. தான்சானியாவில் வேட்டையாடி வாழும் ஹட்சா மக்களிடம் செய்த ஆய்வு ஒன்று 2017 இல் வெளிவந்தது. 33 பேரை 20 நாள் கவனித்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் நித்திரையாக இருந்தது, எல்லா இரவுகளையும் சேர்த்து வெறும் 18 நிமிடம்! வயதானவர்கள் முன்னேரத்தோடு படுத்து முன்னேரத்தோடு எழும்பினார்கள், இளையவர்கள் பிந்திப் படுத்தார்கள். யாரோ ஒருவர் எப்போதும் முழித்திருந்தார். முதியவர்களின் இந்தக் குறை நித்திரை மனிதக் கூட்டத்துக்குக் காவலாக இருந்திருக்கலாம் என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து. பரணில் இருந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஆனால் 71 வயதில் தனியாகப் போகாதீர்கள். கண்ணும் காதும் கூர்மையான ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். யானை வெடியை அவர் கையில் கொடுங்கள்.

மெலட்டோனினைத் திறக்காமல் வைத்திருந்தது நல்லது. மகள் அன்பில் அனுப்பியிருக்கிறார், குறை சொல்ல ஒன்றுமில்லை. கனடாவில் அதை வைத்தியரின் துண்டு இல்லாமலே கடையில் வாங்கலாம், பிரித்தானியாவில் வைத்தியர் எழுதித் தந்தால்தான் கிடைக்கும். பொழுதுபட்டதும் மெலட்டோனின் போட்டால் உடம்பின் கடிகாரம் இன்னும் முன்னுக்கு நகரும். நடுச்சாமம் தாண்டியும் நித்திரை வராதவருக்கு அது உதவலாம். உங்கள் கடிகாரம் ஏற்கெனவே முன்னுக்கு ஓடுகிறது. அதை இன்னும் தள்ளினால் இரண்டு மணி முழிப்பு ஒரு மணிக்கு வரும். இன்னொன்று, அமெரிக்காவில் மென்று தின்னும் மெலட்டோனின் இனிப்பு வகைகள் 25 ஐச் சோதித்து 2023 இல் முடிவு வெளியிட்டார்கள். 22 வகையில் போத்தலில் எழுதிய அளவும் உள்ளே இருந்த அளவும் பொருந்தவில்லை. ஒன்றில் மெலட்டோனினே இல்லை.

இனி மகனைப் பற்றி.

2009 க்குப் பிறகு வன்னியில் நித்திரை பற்றிப் பேசும் எந்த வைத்தியரும் இந்தப் பகுதியைத் தாண்டிப் போக முடியாது. வைகாசி மாதத்தில் ஒரு தகப்பனுக்கு நித்திரை வராமல் இருப்பதை நான் நோய் என்று எழுதமாட்டேன். அதற்குக் குளிசையும் எழுதமாட்டேன். இறந்தவருக்கு ஒரு திதி இருக்கிறது, ஒரு விளக்கு ஏற்றலாம். தகவல் இல்லாதவருக்கு எதை, எந்த நாளில் செய்வது என்று தெரியாமல் இருக்கும் வேதனை வேறு. பகலில் வயலும் ஆட்களும் அதை மறைத்துவிடுகின்றன. இரவு இரண்டு மணிக்கு மறைக்க ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் மூளையும் களைத்திருக்கும், அதனால் எந்த நினைவும் பகலில் இருப்பதைவிடக் கொடூரமாகத் தெரியும்.

அந்த நேரத்தில் படுக்கையில் புரண்டுகொண்டு கிடக்காதீர்கள். ஒரு கால் மணித்தியாலம் போனது போல் தோன்றினால் எழும்பி விறாந்தைக்கு வாருங்கள். நேரம் பார்க்க வேண்டாம், போனைக் கையில் எடுக்க வேண்டாம். சிறிய வெளிச்சத்தில் கதிரையில் இருந்து தேவாரம் தெரிந்தால் மெதுவாகப் பாடுங்கள், இல்லாவிட்டால் கடகம் பின்னுங்கள், கயிறு திரியுங்கள். கண் சொருகும்போது திரும்பப் போய்ப் படுங்கள். படுக்கை என்றாலே போராட்டம் என்று உடம்பு பழகிவிட்டால் அதை மாற்ற நாளெடுக்கும், அதற்காகத்தான் சொல்கிறேன். மகனின் நினைவை விரட்டச் சொல்லவில்லை. அதற்குப் பகலில் ஒரு இடம் கொடுங்கள். பின்னேரம் மனைவியோடு இருந்து மகனைப் பற்றிக் கதையுங்கள். சின்ன வயதில் என்ன செய்தார், எதற்குச் சிரித்தார் என்று. அந்தத் தாயும் பக்கத்தில் முழித்துக்கொண்டுதான் கிடப்பார், நீங்கள் நித்திரை என்று நினைத்துப் பேசாமல் இருக்கலாம்.

இது எந்த இடத்தில் வைத்தியத்துக்குரியதாகிறது என்பதையும் சொல்ல வேண்டும். செல் சத்தம், பங்கர் என்று ஒரே கெட்ட கனவு திரும்பத் திரும்ப வந்து வியர்த்து எழும்பினால், சாப்பாடு பிடிக்காமல் உடம்பு மெலிந்தால், வயலிலும் பேரப்பிள்ளைகளிலும் விருப்பம் அற்றுப்போனால், இருந்து என்ன பயன் என்ற நினைப்பு வந்தால், வைகாசி முடிந்தும் அது போகாவிட்டால், உளநலப் பிரிவுக்குப் போக வேண்டும். முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா மாவட்ட ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. இரவில் தாங்க முடியாமல் இருந்தால் தேசிய உளநல உதவி இலக்கம் 1926 க்கு எடுங்கள். கனவில் கையைக் காலை அடித்துக் கட்டிலிலிருந்து விழுகிறவர்களும் தாமதிக்காமல் வைத்தியரைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் சண்டைக்கால நினைவு என்று விட்டுவிடக் கூடாது. சிலருக்கு அது பார்க்கின்சன் நோய்க்குப் பல வருடம் முன்பே வரும் அறிகுறி.

மறதி நோய்ப் பயத்துக்கு வருகிறேன். அந்த வீடியோ முழுப் பொய் இல்லை. பிரித்தானிய அரச ஊழியர்கள் ஏறத்தாழ 8,000 பேரை 25 வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2021 இல் வந்தது. 50, 60, 70 வயதுகளில் தொடர்ந்து 6 மணித்தியாலமோ அதற்குக் குறைவாகவோ நித்திரை கொண்டவர்களுக்கு, 7 மணித்தியாலம் கொண்டவர்களைவிட மறதி நோய் 30 வீதம் கூடுதலாக வந்தது. 30 வீதம் என்றதும் மூன்றில் ஒருவருக்கு வரும் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஆய்வில் மொத்தம் 521 பேருக்கு நோய் வந்தது, நூறு பேருக்கு ஆறேழு பேர். 30 வீதம் கூடினால் ஏறத்தாழ ஒன்பது பேர். மற்ற 91 பேருக்கு அந்தக் காலத்தில் வரவில்லை. குறை நித்திரை நோயைக் கொண்டுவந்ததா, மெல்லத் தொடங்கிய நோய் நித்திரையைக் குறைத்ததா என்பதும் முழுதாகத் தீரவில்லை. நித்திரையின்போது மூளையின் கழிவு கூடுதலாக அகற்றப்படுகிறது என்று 2013 இல் எலிகளில் காட்டினார்கள். அதுவும் உண்மையான ஆய்வுதான். ஆனால் எலியிலிருந்து ஒட்டுசுட்டானில் இருக்கும் கமக்காரருக்கு வர இன்னும் தூரம் இருக்கிறது.

மறதி நோயைத் தள்ளிப்போட நாம் மாற்றக்கூடிய 14 காரணிகளை லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024 இல் பட்டியலிட்டது. பிறசர், சீனி, கொழுப்பு, காது கேளாமை, பார்வைக் குறைவு, புகைத்தல், அளவுமீறிய மது, உடல் உழைப்பில்லாமை, தனிமை, மனச்சோர்வு எல்லாம் அதில் இருக்கின்றன. நித்திரை இல்லை. நித்திரை முக்கியமில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. கெட்ட நித்திரை பிறசரையும் சீனியையும் கூட்டும், மனதைச் சோரவைக்கும். உங்கள் நினைவைக் காப்பாற்றுகிற வழி எட்டு மணித்தியாலம் எண்ணுவதில் இல்லை. மூச்சுத் தடையைக் கண்டுபிடிப்பதிலும், பிறசரையும் சீனியையும் கட்டுக்குள் வைப்பதிலும் இருக்கிறது. வயலில் நடக்கிறீர்கள், குடும்பத்தோடு இருக்கிறீர்கள், கடிதம் எழுதுகிறீர்கள். இவை உங்கள் பக்கம் நிற்பவை. காது மந்தமாக இருந்தால் அதையும் பார்த்துவிடுங்கள். அந்த வீடியோவை அழித்துவிடுங்கள்.

அடுத்த கிளினிக் நாளுக்கு முன் செய்ய வேண்டியவை: மனைவியிடம் சொல்லி, நீங்கள் குறட்டை விடும்போது போனில் ஐந்து நிமிடம் பதிவு செய்யுங்கள். மூச்சு நிற்கும் இடம் அதில் வந்தால் வைத்தியருக்கு விளக்கம் தேவைப்படாது. மல்லாந்து படுக்காமல் சரிந்து படுத்துப் பாருங்கள், பலருக்கு அது மூச்சுத் தடையை உடனே குறைக்கும். வயிறு பெரிதாக இருந்தால் எடை குறைய வேண்டும். இரவு முழுக்க மூச்சையும் ஒட்சிசனையும் அளக்கும் பரிசோதனைக்கு உங்களை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அதற்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வரலாம். தூரம் என்று விட்டுவிடாதீர்கள். தடை கடுமையாக இருந்தால், முகமூடி வழியாகக் காற்றழுத்தம் கொடுக்கும் இயந்திரம் இருக்கிறது. முதல் சில இரவு சங்கடமாக இருக்கும், பழகிக்கொண்டவர்கள் அதை விடமாட்டார்கள்.

போகும்போது மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். வைத்தியர் இரவில் நடப்பதைப் பற்றிக் கேட்பார். அதற்குப் பதில் சொல்லக்கூடியவர் அவர்தான். அவருக்கும் எத்தனை மணிக்கு நித்திரை வருகிறது, எத்தனை தரம் எழும்புகிறார் என்று யாரும் இதுவரை கேட்டிருக்கமாட்டார்கள். அதையும் அன்றைக்கே கேட்கச் சொல்லுங்கள். படுக்கும் நேரத்தை மாற்றி ஒரு மாதம் போனபின் எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.